நோவொர்க்ஃப்ளோ: எந்த ஃபைல் என்று சொல்லும், எந்த எண் என்று கேட்காதீர்கள்

தண்டையார்பேட்டையில் நாலு பேர் உட்காரும் ஆபீஸ் எங்களுடையது. காசிமேட்டுப் படகுக்காரர்கள் சிலருக்குக் கணக்கு பார்க்கிறோம். ஏலத்து எக்செல் தாள்களை ஒன்றாக்கி மாதக் கணக்கு போடுவது நான் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட்தான். ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்குவதற்குள் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும், அந்த அவசரத்தில் ஒரு படகுக்கு வஞ்சிரம் வரவு 18,400 ரூபாய் எகிறி நின்றது. "இது எங்கருந்து வந்துச்சு தம்பி?" என்று படகுக்காரர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் நோவொர்க்ஃப்ளோவைப் போட்டேன், பைத்தான் ஸ்கிரிப்ட் ஓடும்போது என்னென்ன நடந்தது என்று குறித்து வைக்கும் கருவி. பிரேசிலின் ஃப்ளுமினென்சி பல்கலையும் நியூயார்க் பல்கலையும் சேர்ந்து உருவாக்கியது, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. ஸ்கிரிப்டில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். 'பைத்தான்' என்று அடிக்கிற இடத்தில் 'நவ் ரன்' என்று அடித்தால் எந்த ஃபங்ஷன் ஓடியது, எந்த லைப்ரரி எந்த வெர்ஷன், எந்தெந்த ஃபைல் திறந்தது என்று எல்லாவற்றையும் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரில் எழுதி வைத்துக்கொள்ளும். ஃபைல் பட்டியலைக் கேட்டேன். 'மார்ச்_சரி', 'மார்ச்_சரி_கடைசி' இரண்டும் வரிசையாக நிற்கின்றன, இரண்டுமே கூட்டலில் ஏறியிருக்கின்றன! 'மார்ச்' என்று தொடங்குவதையெல்லாம் படி என்று எழுதி வைத்த புத்திசாலி நான்தான்.

சரி, இதுவரைக்கும் சபாஷ். ஆனால் அந்த 18,400 எந்த வரியிலிருந்து வந்தது என்று கேட்டால் கையை விரித்துவிடும். கூட்டலெல்லாம் பாண்டாஸ் என்ற அட்டவணைக் கணக்கு லைப்ரரிக்கு உள்ளே நடக்கிறது, அங்கே இது எட்டிப் பார்ப்பதில்லை. ஏலக் கூடையில் இருக்கும்வரை எந்தப் படகு மீன் என்று சொல்லலாம், ஐஸ் பெட்டியில் கொட்டிய பிறகு யாரிடம் கேட்பது?

ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று நிரல் மொழியே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. பெர்ல் மொழி தன் அளவில் செய்கிறது: '-டி' (பெரிய எழுத்து T) போட்டு ஓட்டினால் வெளியிலிருந்து வந்த தரவின் மேல் ஒரு கறை ஒட்டிக்கொள்ளும், அதிலிருந்து பிறக்கும் மதிப்புக்கும் ஒட்டும், சரிபார்க்காமல் அதை சிஸ்டம் கமாண்டுக்குக் கொடுத்தால் நிறுத்திவிடும். அது பாதுகாப்புக்காக வந்தது, வந்த ஊர் பேர் சொல்லாது, வெளியாள் என்று மட்டும்தான் சொல்லும். ரூபி மொழியிலும் இந்தக் கறை இருந்தது, 3.2-இல் தூக்கிவிட்டார்கள். எல்லா மதிப்புக்கும் ஒரு சீட்டு ஒட்டினால் வேகமும் மெமரியும் அடிவாங்கும், அது புரிகிறது.

தினசரி ஓட்டத்துக்கு நோவொர்க்ஃப்ளோ வேண்டாம், இழுக்கும். திறந்த ஃபைல்களின் நகலையும் வைத்துக்கொள்வதால் அந்த ஃபோல்டரை யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், அதில் வாடிக்கையாளர் கணக்கு முழுக்க இருக்கும். மாதக் கடைசி ஓட்டத்துக்கு மட்டும் நான் வைத்திருக்கிறேன். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று.