ஆணி பதித்த சைக்கிள் டயர்கள்: பனிக்காலத்திலும் காரைத் தவிர்க்க நினைப்போருக்கு

பனிக்காலம் வந்ததும் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டுக் காரை எடுப்பவர்களில் பலர் அஞ்சுவது குளிருக்கு அல்ல, பனிக்கட்டி உறைந்த சாலையின் வழுக்கலுக்குத்தான். அந்த அச்சத்தைப் போக்க ஆணி பதித்த டயர்களுக்கு ஈடான பொருள் வேறில்லை என்பது, அவற்றைப் பொருத்தி அன்றாடம் வேலைக்குச் சென்று வரும் என்னுடைய உறுதியான கருத்து.

இவற்றில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளாலான முனை கொண்ட சிறு ஆணிகள் ரப்பரிலிருந்து சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடிபோல் மின்னும் திருப்பத்தில் அவை பனிக்கட்டியைக் கவ்விப் பிடிக்கும்போது, வண்டி துளியும் தடுமாறாமல் செல்வதைக் கைப்பிடியிலேயே உணர முடிகிறது. காற்றழுத்தத்தைச் சிறிது குறைத்தால் ஓரத்து ஆணிகளும் தரையைத் தொடுவதால் பிடிமானம் மேலும் கூடும். புதிய டயரை முதல் 40 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக் இன்றி நிதானமாக ஓட்டினால் ஆணிகள் நன்கு பதிந்துகொள்ளும். ஒன்றுதான் வாங்க முடியுமெனில் அதை முன்சக்கரத்துக்கே பொருத்த வேண்டும். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுவதைத் தவிர்ப்பது மிகக் கடினம்.

குறைகளும் உண்டு: இந்த டயர்களின் எடை அதிகம், காய்ந்த சாலையில் சத்தமும் உண்டு, மிதிக்கக் கூடுதல் உழைப்பும் தேவை. ஆழமான புதுப்பனியில் இந்த ஆணிகளால் பயன் குறைவு என்பதால், பின்லாந்தின் ஔலு நகரத்தைப் போல சைக்கிள் பாதைகளை முறையாகச் சீராக்கும் நகராட்சி அமைவது டயரைவிடவும் முக்கியம். சாலையில் தூவும் உப்பு சங்கிலியை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும்; அதைத் துடைத்து எண்ணெயிடும் வேலையையும் சேர்த்தே கணக்கிட்டுக்கொண்டு வாங்குங்கள்.