சபைச் சண்டை: தனியே பேசுவதா, கமிட்டிக்குப் போவதா, கோர்ட் படி ஏறுவதா?

மதுரைப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் மனஸ்தாபம் உபதேசத்தால் வருவது குறைவு. அறுப்பின் பண்டிகை ஏலம் (காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவது), பாடகர் குழு, கல்லறைத் தோட்டத்து இடம், கமிட்டித் தேர்தல், இவற்றில்தான் மூளும். எந்தச் சண்டைக்கு எந்த வழி என்று பார்க்காமல் இறங்குவதால்தான் பாதி முற்றுகிறது.

வார்த்தை தடித்துப்போன சண்டைக்கு மத்தேயு 18:15 சொல்லும் தனிப்பேச்சுதான் சரி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்துப் பேசக்கூடாது. நாலு பேர் பார்க்கும்போது யாரும் இறங்கி வரமாட்டார்கள். வாரநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போங்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பத்து வருஷப் பழசெல்லாம் கிளம்பும். "அண்ணே, போன கமிட்டில என் கணக்கை எல்லார் முன்னாடியும் சந்தேகப்பட்டீங்க, அது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று ஒன்றை மட்டும் சொன்னால் பதில் கிடைக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கெனவே போட்டுவிட்டால் இந்த வழி அநேகமாக அடைபட்டது. சபைப் பள்ளியில் வேலை பார்ப்பவர் அதை நிர்வகிக்கும் தாளாளரிடம் தனியே போய்ப் பேசுவதும் சரிவராது.

அடுத்து, இரண்டொரு சாட்சிகளோடு போவது. சொந்தக்காரரையும் சாதிக்காரரையும் கூட்டிக்கொண்டு போனால் அது சாட்சி அல்ல, பலம் காட்டுவது. ஆளுக்கு ஒருவரை, எதிர்த்தரப்பும் ஒப்புக்கொள்கிறவராகச் சொல்வது நல்லது.

பணச் சண்டைக்கு இவை இரண்டும் உதவாது. கமிட்டிக்கே போக வேண்டும். ஏலத்தில் ஏட்டிக்குப் போட்டியாக ஆட்டுக்கிடாயைத் தூக்கிவிட்டு, கிறிஸ்துமஸ் வரை பணம் கட்டாதவர் எல்லா ஊரிலும் உண்டு. பாக்கிப் பட்டியலை ஆராதனையில் வாசித்தால் பணமும் வராது, குடும்பமும் வராது. பொருள், தொகை, கட்டும் தேதி எழுதிய சீட்டில் அன்றே கையெழுத்து வாங்கி, தவணை தவறினால் பொருளாளரும் ஒரு மூப்பரும் வீட்டுக்குப் போவதுதான் நடக்கிற காரியம். சம்பந்தப்பட்ட கமிட்டி உறுப்பினர் அந்த விவகாரம் பேசப்படும்போது வெளியே இருக்க வேண்டும்; முடிவை அன்றே மினிட் புத்தகத்தில் எழுத வேண்டும். சபையை நடத்தும் ஆயரே (பாஸ்டரே) ஒரு தரப்பு என்றால் அவர் தலைமையில் விசாரணை வைப்பது வீண். வேறு சேகரத்து (சபை வட்டாரத்து) ஆயரை அனுப்பும்படி, பிஷப்பின் கீழுள்ள திருமண்டலத்துக்கு எழுதிக் கேளுங்கள். கத்தோலிக்கப் பங்குப் பேரவைக்கோ ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. பங்குத்தந்தை மீதான புகார் பிஷப்பின் ஆயர் இல்லத்துக்குத்தான் போக வேண்டும்.

கோர்ட்டைக் கடைசியாக வையுங்கள். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதைக் கண்டிக்கும் 1 கொரிந்தியர் 6 ஒரு காரணம். செலவும் வருஷங்களும் மறு காரணம். சொத்து, பதவி உரிமை, டிரஸ்ட் நிர்வாகம் என்றால் மட்டும் அங்கே வேலை உண்டு. பொது டிரஸ்ட் மீது சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில் வழக்குப் போட, அக்கறையுள்ள இருவராவது சேர்ந்து நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். நிலுவை வழக்கை லோக் அதாலத்தில் (சமரசம் செய்துவைக்கும் மக்கள் நீதிமன்றத்தில்) முடித்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பும், ஆனால் அந்தத் தீர்ப்பின்மேல் அப்பீல் கிடையாது.

குழந்தைமேல் பாலியல் அத்துமீறல் என்றால் இந்த வரிசையே பொருந்தாது. 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். கமிட்டியைக் கூட்டாமல் நேரே 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்ல வேண்டும்.