முட்டிச் சில்லு வலிக்கு வாங்கிய நீ கேப்: எட்டு மாதம் போட்டுப் பார்த்ததில்

நடுவில் வட்டமாக ஓட்டை விட்டு, அதைச் சுற்றிச் சிலிக்கான் வளையம் வைத்து, இரண்டு பக்கமும் வளைந்துகொடுக்கும் சுருள் கம்பி செருகி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வெல்க்ரோ பட்டை தைத்த நீ கேப், அதாவது முழங்காலில் மாட்டும் உறை இது. திருச்சியில் ஒரு சர்ஜிகல் கடையில் 850 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டு மாதமாக வலது காலில் போடுகிறேன். வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் இஞ்ச் டேப் வைத்து அளக்காமல் வாங்காதீர்கள்.

நான் உறையூரில் வீட்டு முன்னறையில் 19 வருடமாக ஜாக்கெட் தைக்கிறவள். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரைக்கும் முழங்கால் மடங்கியபடியேதான் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன், தீபாவளித் துணி குவிந்து கிடந்த நேரத்தில், ஒருநாள் எழுந்தபோது வலது முட்டிக்குள் மணலை அரைத்த மாதிரி நறநறவென்றது. பிறகு மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கும்போதெல்லாம் வலி. ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடாய்ப் படுத்தியது. பார்த்தவர்கள் எல்லோரும் தேய்மானம் என்றார்கள். எண்ணெய் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து எலும்பில் கோளாறு இல்லை என்றார். சில்லைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு தொடையை இறுக்கச் சொன்னார். உயிர் போய் வந்தது. காண்ட்ரோமலேசியா பட்டெல்லா என்று சீட்டில் எழுதினார். முட்டிச் சில்லின் பின்பக்கம் இருக்கும் குருத்தெலும்பு மிருதுவாகிப் பிசிறு கட்டிவிட்டது என்று அர்த்தமாம். பிசிறு என்றதும் எனக்குச் சட்டென்று விளங்கியது. ஓரம் அடிக்காத துணியை மறுபடி மறுபடி உரசினால் என்ன ஆகுமோ அதுதான். உடம்பிலேயே மிகத் தடிமனான குருத்தெலும்பு அந்த இடத்தில்தான் இருக்கிறதாம். அதற்கு நரம்பு கிடையாது, ரத்தக் குழாயும் கிடையாது. வலிப்பது அடியிலுள்ள எலும்பும் சுற்றியுள்ள சவ்வும்தான். அதனால் பிசிறு எவ்வளவோ அவ்வளவு வலி என்று கணக்குப் போட முடியாது என்றார். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் வலிப்பது இந்த நோயின் தெரிந்த அடையாளம். சினிமா தியேட்டரில் உட்கார்ந்து வரும் வலி என்றே மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தியேட்டர் தேவைப்படவில்லை, மெஷின் போதும்.

இனி நீ கேப்புக்கு வருகிறேன். முதல் நாள் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு 'எல்' சைஸ் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் போட்டு நாலு எட்டு வைப்பதற்குள் கீழே வழுக்கி, ஓட்டை சில்லுக்குக் கீழே போய்விட்டது. வளையம் சில்லைப் பிடிப்பதற்குப் பதிலாக அதன் கீழ் விளிம்பை அழுத்தியது. இருந்த வலியோடு புதிதாக ஒரு வலி. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சில்லுக்கு மேலே ஆறு அங்குலம் தள்ளித் தொடைச் சுற்றளவை எடுக்க வேண்டும் என்று படம் போட்டிருந்தார்கள். அளந்தால் பதினெட்டே முக்கால் வந்தது. அந்தப் பெட்டியின் கணக்குப்படி நான் 'எம்'. மறுநாள் போய் மாற்றிக்கொண்டேன். முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஆளைப் பார்த்து அளவு சொல்கிற பழக்கம் தவறு. ஜாக்கெட்டுக்கே அப்படிச் செய்வதில்லை, வலிக்கிற காலுக்குச் செய்யலாமா?

சரியான அளவில் போட்டதும் வித்தியாசம் தெரிந்தது. காலை நீட்டி உட்கார்ந்து, ஓட்டைக்குள் சில்லு நடுவில் நிற்கும்படி இழுத்துவிட்டு, முதலில் கீழ்ப்பட்டை, பிறகு மேல்பட்டை. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். இறங்கும்போது அந்த நறநறப்பு நிற்கவில்லை, ஆனால் கால் நழுவிவிடுமோ என்ற பயம் போனது. கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு இறங்கியவள் ஒரு கையில் துணிக்கூடையோடு இறங்குகிறேன்.

குறைகள் உண்டு. இது நியோபிரீன், ரப்பர் ஜாதி. திருச்சி வெயிலில் ஒரு மணி நேரத்தில் உள்ளே வியர்த்துக் கொட்டுகிறது. முழங்காலின் பின்மடிப்பில் வருகிற தையல் மோசம். தடித்த நூலில் ஓவர்லாக் அடித்து, முனையை உள்பக்கம் திருப்பாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டாம் வாரம் அந்த இடத்தில் தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. லைனிங்குக்கு வைத்திருந்த மல் துணியில் ஒன்றரை அங்குலப் பட்டி வெட்டி, அந்தத் தையலை மூடிக் கையால் எம்மிங் செய்தேன். அதற்குப் பிறகு தொந்தரவில்லை. தைக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? வெல்க்ரோவும் அப்படித்தான். அறையில் இருக்கிற நூல் துணுக்கெல்லாம் அதில் போய் அப்பிக்கொள்கிறது. ஊசியால் ஒவ்வொன்றாக எடுக்காவிட்டால் பிடிப்பு விட்டுவிடும். உள்பாவாடையில் ஒட்டி இரண்டு முறை கிழித்தும்விட்டது. கையால் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். வெயிலில் போட்டால் விறைத்துப்போகிறது.

இதைப் போட்டால் வலி தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் முதல் நாளே இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள். "அக்கா, வலி அடங்கியிருக்கிற நேரத்தில் தொடைத் தசையைப் பலப்படுத்திக்கொள்ள இது ஒரு துணை. தசைதான் சில்லைப் பிடித்து நேராக ஓட்டணும்" என்றாள். சமதரையில் நடக்கும்போது சில்லின் மேல் விழும் அழுத்தம் உடல் எடையில் ஏறக்குறையப் பாதிதான். படியில் அது மூன்று மடங்கைத் தாண்டும், குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் ஏழு மடங்கு வரை போகும் என்று அவள் சொன்ன பிறகுதான், தரையில் உட்கார்ந்து துணி வெட்டுவதை விட்டேன். இப்போது மேசையில் வெட்டுகிறேன்.

உருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்துவது, காலை நீட்டியபடி ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்துவது, ஒருக்களித்துப் படுத்து இடுப்பிலிருந்து காலைத் தூக்குவது. காலையும் மாலையும் செய்கிறேன். மூன்றாம் மாதத்தில்தான் பலன் தெரிந்தது. கூடவே ஸ்டூலுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தினேன், மெஷினுக்கு மோட்டார் போட்டேன். மோட்டாரின் மிதியைத் தள்ளிவைத்துக் காலை முன்னே நீட்டிக்கொள்ளலாம், முழங்கால் அவ்வளவாக மடங்காது. மோட்டார் செலவு நீ கேப்பைவிடப் பல மடங்கு. எனக்கு அதிகம் உதவியதும் அதுதான்.

இப்போது நாள் முழுக்க நீ கேப் போடுவதில்லை. மாடி ஏறும் வேலை, கடைவீதிக்கு நூல் வாங்கப் போவது, கல்யாண வீட்டில் நெடுநேரம் நிற்பது, இதற்கு மட்டும். இரவில் கண்டிப்பாகக் கழற்றிவிடுகிறேன். முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, கால் மடங்காமல் சிக்கிக்கொண்டாலோ கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

ஏழாம் மாதம் மேல்பட்டையின் வெல்க்ரோ பிடிப்பு போய்விட்டது. பழையதைப் பிரித்துவிட்டுப் புது வெல்க்ரோ வைத்து இரட்டைத் தையல் போட்டேன். அதுதான் இப்போது ஓடுகிறது. போன வாரம் நாத்தனார் ஊரிலிருந்து வந்தவள், தனக்கும் இறங்கும்போது வலிக்கிறது, இரண்டு நாள் போட்டுப் பார்க்கிறேன், கொடுங்கள் அண்ணி என்றாள். டேப்பை எடுத்து அளந்தேன். இருபத்தொன்று. கொடுக்கவில்லை. அளவைச் சீட்டில் எழுதி, முதலில் மருத்துவரிடம் காலைக் காட்டு, பிறகு இதை வாங்கு என்று சொல்லி அனுப்பினேன்.