ட்ரைவ்-இன் தியேட்டரில் படம் பார்க்க: கார் ரேடியோவா, கைரேடியோவா?

காரில் உட்கார்ந்தபடியே திறந்தவெளித் திரையில் படம் பார்க்கும் அமெரிக்க ட்ரைவ்-இன்களில் இப்போது அநேகமாக எஃப்எம் வழியாகத்தான் சத்தம். எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். 1933-ல் நியூஜெர்சியின் கேம்டன் அருகே ரிச்சர்ட் ஹோலிங்ஸ்ஹெட் முதல் ட்ரைவ்-இன் தியேட்டரைத் திறந்தபோது ஒலிபெருக்கிகள் திரைப் பக்கம் இருந்தன. நூறு மீட்டர் தள்ளி நிற்கும் காருக்கு உதடு அசைந்து கால் நொடிக்கு மேல் ஆன பிறகே வசனம் வந்து சேரும். 1940களில் கார் ஜன்னலில் மாட்டும் ஸ்பீக்கர் வந்தது, அதற்கும் பிறகுதான் ரேடியோ.

சத்தத்தின் தரம் என்று பார்த்தால் கார் ரேடியோதான், இதில் பேச்சே இல்லை. ஆனாலும் நாங்கள் பேட்டரி செல் போடும் கைரேடியோவுக்கு மாறிவிட்டோம். காரணம் ஒன்றே ஒன்று, கார் பேட்டரி. அது இஞ்சினைக் கிளப்ப சில நொடி பலமாக மின்சாரம் தரவென்று செய்தது, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதற்கு அல்ல. ட்ரைவ்-இன்னிலோ ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் வழக்கம், நாலு மணி நேரம் சாதாரணமாக ஓடும். ரேடியோ மட்டும் தின்றால் பரவாயில்லை, இஞ்சினை அணைத்து சாவியைப் பாதி திருப்பி வைத்தால் தொடுதிரை, ஃபேன், விளக்கு என்று கூடவே ஒரு கூட்டமே உட்கார்ந்து தின்னும். பழைய பேட்டரியும் குளிர் இரவும் சேர்ந்தால் ராத்திரி ஒரு மணிக்கு, இன்னொரு கார் பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கும் ஜம்பர் கேபிளுக்கு ஆள் தேட வேண்டியதுதான். புது கார்கள் இதற்குப் பயந்தே கொஞ்ச நேரத்தில் தானாக எல்லாவற்றையும் அணைத்துவிடுகின்றன, அதுவும் சரியாக க்ளைமாக்ஸில். சரி, இடையில் ஸ்டார்ட் பண்ணி சார்ஜ் ஏற்றலாம் என்றால் பல கார்களில் முன்விளக்கு பளிச்சென்று எரியும், சுற்றியிருப்பவர்களின் ஹாரன் இலவசம்.

கைரேடியோவில் இந்த வம்பே இல்லை. எஸ்யூவியைப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தி, பின்கதவைத் தூக்கிவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்காரலாம். தூக்கிய கதவு கூரை உயரத்தைத் தாண்டாமல் கயிற்றால் கட்டச் சொல்வார்கள், பின்னால் இருப்பவருக்கும் படம் தெரிய வேண்டுமே. வாங்கும்போது நீட்டும் ஆன்டெனாவும் எண் காட்டும் ட்யூனரும் இருக்கிறதா என்று பாருங்கள். அதை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இணைக்காதீர்கள், சத்தம் பின்தங்கும், ஒயர் போதும். அப்புறம் மாற்று செல் நாலு.

மின்சாரக் கார் நான் ஓட்டியதில்லை, அதில் கணக்கு வேறாக இருக்கலாம். மழை வந்தால் மட்டும் நானும் கார் ரேடியோதான், வைப்பருக்காக எப்படியும் சாவியைத் திருப்பத்தானே வேண்டும்.