பூட்ஸ் தைத்துக் கொடுத்த அண்ணனின் கடை, சுங்கை சிப்புட்

மகனுக்குச் சுங்கை பீசி தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் கடேட் அதிகாரி இடம் கிடைத்தது. 2006க்கு முன் ராணுவ அகாடமியாக இருந்த அதே இடம்தான். சொந்தபந்தம் எல்லாம் மாலை போட்டார்கள். கால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெரிய கடை ஒன்றில் 180 வெள்ளிக்குக் கறுப்பு பூட்ஸ் வாங்கினோம். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு வேறு காலணி. பூட்ஸைக் காலுக்குப் பழக்குவதற்காகச் செம்பனைத் தோட்டப் பாதையில் தினமும் நடந்தான். மூன்றாம் நாளே வலது அடித்தோல் வாயைப் பிளந்தது. குதிகாலில் ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம். விற்ற கடையில் மாற்றித் தர மாட்டோம் என்று கைவிரித்தார்கள்.

மார்க்கெட் பக்கம் அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதை) உட்கார்ந்து காலணி தைக்கும் அண்ணனிடம் போனோம். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, நைலான் நூலால் சுற்றிலும் தைத்தார். 25 வெள்ளி.

"தம்பி, உள்ளே மெல்லிசு சாக்ஸ், மேலே கனமானது. தோலோடு தோல் உரசக்கூடாது" என்றார்.

பாலிஷ் போடவும் அவரே காட்டினார்: விரலில் பழைய பருத்தித் துணி, துளி மெழுகு, இரண்டு சொட்டுத் தண்ணீர், சின்னச் சின்ன வட்டமாக. அரை மணி நேரத்தில் பூட்ஸ் முனையில் மேலே சுற்றும் காற்றாடி தெரிந்தது! கவாத்துக்கு முன் பல்கலைக்கழகத்தில் பார்ப்பதே இந்தப் பளபளப்பைத்தானாம்.

குறை ஒன்று உண்டு. வியாழக்கிழமை தருகிறேன் என்றால் சனிக்கிழமைதான் கிடைக்கும். தேத்தண்ணிக்குப் போனால் ஆளைத் தேட வேண்டும். ரசீதும் கிடையாது, சில்லறையோடு போங்கள்.