ஏர் ஃப்ரையர்: மதுரை வீட்டு அடுப்படியில் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

ஏர் ஃப்ரையர் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது வடச்சட்டிக்கு மாற்று கிடையாது. மேலே ஒரு ஹீட்டர் காயில், அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை, அவ்வளவுதான் இதன் உள்ளமைப்பு. சூடான காற்று கூடைக்குள் வேகமாகச் சுழன்று, பண்டத்தின் மேல்பக்க ஈரத்தை உறிஞ்சி மொறுமொறுப்பாக்குகிறது. பிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் செய்யும் வேலையைப் பார்த்தால் இது பொரிக்கும் சாமான் அல்ல, சுடும் சாமான். கைக்கடக்கமான ஒரு ஓவன். இந்த வித்தியாசம் பிடிபட்டால், எதைப் போடலாம் எதைப் போடக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் 4 முதல் 4.5 லிட்டர் கூடையும் 1400 முதல் 1500 வாட் சக்தியும் உள்ள மெஷினுக்கானவை. நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்பது இந்த அளவுதான்.

நன்றாக வருவதில் முதலில் மீனைப் பார்ப்போம். ராமேஸ்வரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வரும் சீலா, அதாவது வஞ்சிரம், ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் துண்டு போட்டு வாங்குங்கள். 500 கிராமுக்கு மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மல்லித்தூள் 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது 1 டீஸ்பூன், அரை மூடி எலுமிச்சைச் சாறு, உப்பு, கடலை எண்ணெய் 2 டீஸ்பூன். மசாலாவில் தண்ணீர் சேர்க்கவே கூடாது. தளர்வாக இருந்தால் கூடை ஓட்டை வழியாக ஒழுகி, அடித்தட்டில் கருகிப் புகையும். அரை மணி நேரம் ஊறியதும், 180 டிகிரியில் 3 நிமிடம் சூடேற்றிய கூடையில் வாழையிலைத் துண்டை விரித்து, அதன்மேல் மீனை அடுக்குங்கள். இலை மீனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் காற்றில் மடங்கி மீன்மேல் படுத்துக்கொள்ளும், அந்தப் பக்கம் வேகாது. 7 நிமிடத்தில் திருப்பி இன்னும் 4 நிமிடம் வையுங்கள். சாளை போலக் கொழுப்புள்ள மீனுக்கு மேல் எண்ணெய்கூட வேண்டாம், அதன் நெய்யே போதும். கண்மாய்க் கெண்டை, ஜிலேபி மீன் கொஞ்சம் உலர்ந்துதான் வரும். அதற்கு எண்ணெய் 1 டீஸ்பூன் கூட்டி, 2 நிமிடம் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது கிழங்கு வகை. உருளைக்கிழங்கு 300 கிராம், ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கி 20 நிமிடம் தண்ணீரில் போடுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது. மேலே இருக்கும் மாவுச்சத்து கழுவிப் போனால்தான் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. அதிக சூட்டில் மாவுப் பண்டங்களில் உண்டாகும் அக்ரிலமைடு என்ற கெடுதலான ரசாயனமும் குறையும். ஊறிய பிறகு துணியில் நன்றாக ஒற்றி எடுத்து, எண்ணெய் 2 டீஸ்பூன், அரிசிமாவு 1 டீஸ்பூன், மஞ்சள், உப்பு பிசிறி 180 டிகிரியில் 15 நிமிடம். மிளகாய்த்தூளை முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். கடைசி 5 நிமிடத்தில் கூடையை வெளியே எடுத்து, தூள் தூவிக் குலுக்கி உள்ளே தள்ளுங்கள். நிறம் பொன்னாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், காபிப்பொடி நிறத்துக்கு விடாதீர்கள். சேனை, வாழைக்காய்க்கும் இதே முறைதான். சேனையை மட்டும் புளித்தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்துப் போடவும். சீனிக்கிழங்கைத் தோலோடு முழுசாக 180 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் அனலில் சுட்ட கிழங்கின் மணமே வந்துவிடும். இந்த மெஷினில் மிகச் சிறப்பாக வரும் பண்டம் எது என்று கேட்டால், கறி மீனையெல்லாம் தாண்டி இதைத்தான் சொல்ல வேண்டும்.

கோலா உருண்டையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வடச்சட்டியில் போட்டால் எண்ணெய் உருண்டையைச் சுற்றி அணைத்துக்கொண்டு சில நொடிகளில் மேல்தோலை இறுக்கிவிடும். காற்றுக்கு அந்த வேகம் கிடையாது, தோல் இறுக 3, 4 நிமிடம் ஆகும். அதற்குள் கலவை தளர்ந்தால் உருண்டை சப்பையாகிவிடும். 250 கிராம் கொத்துக்கறிக்கு வழக்கமாக 3 டேபிள் ஸ்பூன் பொரிகடலை மாவு போடுபவர்கள் இதற்கு 4 போட வேண்டும். கறியை வேகவைத்துத் தண்ணீர் முழுக்க வற்றவிட்டு, ஆறவைத்து, தேங்காய், சோம்பு, கசகசா, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டோடு தண்ணீர் விடாமல் அரைக்கவும். அதோடு பொரிகடலை மாவும் 1 டீஸ்பூன் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் வைக்கவும். மேலே எண்ணெய் தடவி 180 டிகிரியில் 11 நிமிடம். 7-வது நிமிடத்தில் குலுக்காமல் இடுக்கியால் ஒவ்வொன்றாகத் திருப்பவும். விரிசல் விட்டால் மாவு அதிகம். பரவினால் ஈரம் அதிகம். உள்ளே சக்கையாக இருந்தால் கறியில் கொழுப்பு போதவில்லை. கறிக்கடையில் கொத்தும்போதே கொஞ்சம் கொழுப்பும் சேர்த்துக் கொத்தச் சொல்லுங்கள். இந்த முறையில் வரும் உருண்டை எண்ணெயில் போட்டதைப் போலவே இருக்காது. தோல் கொஞ்சம் கெட்டி. ஆனால் சோம்பு, கசகசா மணம் எண்ணெயில் கரைந்து போகாமல் அப்படியே நிற்கிறது, அது பெரிய லாபம்.

பருப்பு வடை சுமாராக வரும். 200 கிராம் கடலைப்பருப்பை 2 மணி நேரம் ஊறவைத்து, வடிதட்டில் 15 நிமிடம் விட்டு, தண்ணீர் சேர்க்காமல் கொரகொரப்பாக அரைத்து, 1 டேபிள் ஸ்பூன் எண்ணெய் மாவிலேயே கலந்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மெல்லிசாகத் தட்டி 190 டிகிரியில் 17 நிமிடம், நடுவில் ஒரு திருப்பு. சூடாகச் சாப்பிட்டால் நன்றாக இருக்கும். அரை மணி கழித்து ரஸ்க் மாதிரி விறைத்துவிடும். ரசவடைக்கு வேண்டுமானால் அது நல்லதே, ஊறினாலும் குழையாது.

உளுந்த வடை, பஜ்ஜி, போண்டா மூன்றுக்கும் இதில் இடமில்லை. ஈர மாவைத் தாங்கிப் பிடித்து உப்ப வைப்பது எண்ணெய். அது இல்லாத இடத்தில் மாவு ஓட்டை வழியாக இறங்கும். தாளை விரித்து ஊற்றினால் தோல் காய்ந்த இட்லிதான் கிடைக்கும். ஜவ்வரிசி வடகமும் அப்படியே: எண்ணெயில் விழுந்த நொடியில் கிடைக்கும் சூடு காற்றில் கிடைக்காததால் பொரியாமல் ரப்பராக நிற்கும்.

அப்பளத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. எடை இல்லாத பண்டம் என்பதால் விசிறிக் காற்றில் எழும்பி மேலே போய் ஹீட்டர் காயிலில் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒட்டியது கருகும், சில சமயம் தீயும் பிடிக்கும். இருபக்கமும் எண்ணெய் தடவி, நாலாக உடைத்து, மேலே கம்பித் தட்டு ஒன்றைப் பாரமாக வைத்து, 180 டிகிரியில் ஒன்றரை நிமிடம் மட்டும் வையுங்கள். ஒன்றிரண்டு அப்பளத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, கேஸ் அடுப்பில் சுட்டாலே போதும். கறிவேப்பிலைக்கும் இதே எச்சரிக்கைதான். கூடையில் போடாமல், வறுவலை எடுத்த பிறகு தாளித்துக் கொட்டுங்கள்.

சிக்கன் 65 செய்பவர்கள் கடையின் சிவப்பையும் கடையின் மொறுமொறுப்பையும் எதிர்பார்க்க வேண்டாம். எலும்பில்லாத கறி 400 கிராமுக்குத் தண்ணீர் வடித்த கட்டித் தயிர் 2 டேபிள் ஸ்பூன், சோளமாவு 2, அரிசிமாவு 1 போதும். கறியின் மேல் மசாலா பூசினாற்போல் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. 180 டிகிரியில் 12 நிமிடம், பிறகு 200-ல் 3 நிமிடம். ஒரு துண்டைப் பிளந்து பாருங்கள்: உள்ளே சிவப்புத் தெரியாமல், வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும்.

ராத்திரி வாங்கி வைத்த பரோட்டாவைச் சூடாக்க இதைவிட நல்ல வழி கிடையாது. கையில் தண்ணீர் நனைத்து இருபுறமும் தெளித்து, 160 டிகிரியில் 3 நிமிடம். வெளியே எடுத்ததும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஓரத்திலிருந்து தட்டினால் மடிப்பு மடிப்பாகப் பிரியும். பன் பரோட்டா கனமாக இருப்பதால் 150-ல் 5 நிமிடம் வேண்டும்.

பெரிய குறை என்று சொன்னால் அளவுதான். நான்கு லிட்டர் என்று அட்டையில் போட்டிருப்பது கூடையின் கொள்ளளவு. அதில் நிரப்பிச் சமைக்க முடியாது. துண்டுகள் ஒரே அடுக்காக, காற்று போக இடைவெளி விட்டு இருக்க வேண்டும். ஆகவே ஒரு தடவைக்கு 400 கிராம் கறிதான். ஞாயிற்றுக்கிழமை 1 கிலோ வாங்கும் வீட்டில் மூன்று தடவை, முக்கால் மணி நேரத்துக்கு மேல். ஐந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வீட்டுக்கு 6 லிட்டருக்குக் குறைந்து வாங்காதீர்கள். கூடை வட்டமாக இல்லாமல் சதுரமாக இருந்தால் மீன் துண்டு ஒன்றிரண்டு கூடுதலாகப் பிடிக்கும்.

மின்சாரத்தைப் பார்ப்போம். 1500 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி மாட்டும் 6 ஆம்பியர் பிளக்கில் அடாப்டர் போட்டு ஓட்டினால் பாயின்ட் சூடாகி உருகும். 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். அதே பாயின்ட்டில் இண்டக்‌ஷன் அடுப்பையும் பகிர்ந்து மாட்டக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் வீடுகளுக்கு ஒரு கணக்கு: 230-ல் இருந்து 200-க்கு இறங்கினால் ஹீட்டரின் சக்தி கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். மெஷினில் 200 டிகிரி என்று காட்டினாலும் சூடு ஏற நேரமாகும், மொறுமொறுப்பு வராது. அப்போது 3, 4 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். செலவைப் பொறுத்தவரை 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட்டுக்குள்தான். வாரம் நான்கு முறை என்றால் இரண்டு மாதப் பில்லில் சுமார் 15 யூனிட் கூடும். 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், அந்த எல்லையைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும்.

உடம்புக்கு நல்லதா என்றால், நிச்சயமாக ஒரு விஷயத்தில் நல்லது. வீட்டில் பொரிக்க அரை லிட்டர் எண்ணெய் ஊற்றுகிறோம், மீந்ததைக் கொட்ட மனம் வராமல் மறுபடி மறுபடி காய்ச்சுகிறோம். அப்படிக் காய்ச்சும்போது எண்ணெய் கெட்டுச் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018-ல் அமலுக்கு வந்தது. அதை அளக்க வீட்டில் கருவி கிடையாது. ஏர் ஃப்ரையரில் மீந்த எண்ணெய் என்ற பேச்சே இல்லை. ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெயில் சுமார் 120 கலோரி. ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 டீஸ்பூனோடு வேலை முடிகிறது. ஆனால் உறைய வைத்த பாக்கெட் நக்கெட்டையும் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸையும் தினமும் இதில் போட்டுக் கொடுத்துவிட்டு ஆரோக்கியம் என்று சொல்வது சரியில்லை. அவற்றில் பல தொழிற்சாலையிலேயே எண்ணெயில் ஒருமுறை பொரிக்கப்பட்டவை, உப்பும் அதிகம்.

பராமரிப்பில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலில் கூடையின் கறுப்புப் பூச்சு. இந்தச் சூட்டில் அதற்கு ஒன்றும் ஆகாது, அதைக் கெடுப்பது கம்பி நாரும் இரும்புக் கரண்டியும்தான். ஸ்ப்ரே கேனில் வரும் எண்ணெய் பிசினாகப் படிந்து பூச்சை உரிக்கும்; பிரஷ்ஷால் தடவுங்கள். கூடை ஆறியதும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டு மெல்லிய பஞ்சால் தேய்த்தால் போதும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில், கழுவிய கையோடு துணியால் துடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் படிவு ஓட்டைகளை அடைக்கும். இரண்டாவது, உள்தட்டின் மூலைகளில் இருக்கும் சிறிய ரப்பர் முனைகள். நாளாக ஆகத் தளர்ந்து உணவோடு விழுந்துவிடும். கழுவும்போதெல்லாம் எண்ணிப் பாருங்கள். மூன்றாவது ஹீட்டர் காயில். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறிய பிறகு தலைகீழாகக் கவிழ்த்து ஈரத்துணியால் துடைக்கவும். கருவாடு செய்த வீடுகளில் வாடை ஒட்டியிருப்பது பெரும்பாலும் இங்கேதான், கூடையில் அல்ல.

வைக்கும் இடமும் முக்கியம். பின்பக்கத் துவாரம் வழியாகச் சூடான காற்று வெளியே வரும், சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். துவாரம் அடைபட்டால், சூடு மிஞ்சும்போது மின்சாரத்தைத் துண்டிக்க உள்ளே இருக்கும் தெர்மல் ஃப்யூஸ் போய், மெஷின் செத்ததுபோல் நின்றுவிடும். மாட்டுக்கறி, கொழுப்பு ஆட்டுக்கறி வைக்கும்போது அடித்தட்டில் 2 டேபிள் ஸ்பூன் தண்ணீர் ஊற்றிவிட்டால் சொட்டும் நெய் புகையாது.

டச் பேனலா, திருகு வைத்ததா என்றால் திருகு வைத்ததே நம் அடுப்படிக்குத் தோது. மசாலாக் கையோடு திருப்பலாம், பெரியவர்களுக்கும் பழக எளிது. அதில் ஒன்றை நினைவில் வையுங்கள்: பல திருகு மாடல்களில் கூடையை வெளியே எடுத்தால் ஹீட்டர் நிற்கும், டைமர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். திருப்பிப் போட்டதும் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். வாங்கும்போது கூடையைக் கடையிலேயே இழுத்து, தள்ளிப் பாருங்கள். சரியாகப் போய் ‘டக்’ என்று உட்கார வேண்டும். உட்காராவிட்டால் உள்ளே இருக்கும் சுவிட்ச் அழுந்தாது, மெஷின் ஓடாது. அந்த மாடலுக்குக் கூடை தனியாகக் கிடைக்குமா, மதுரையிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதையும் பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.