காட்டோரக் கொல்லையைக் காட்டுக்கு விடுவதென்றால்: எந்த வழியில் ஊருக்குப் பேச வாய் இருக்கிறது?

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது, காவிரி தெற்கு 2022-இல். இரண்டுமே காப்புக்காடுகளை வைத்து வரையப்பட்டவை. சிக்கல் இருப்பதோ எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம், பட்டா நிலத்தில். ராகிக் கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டுப் பக்கமிருந்து யானைகள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக இறங்குகின்றன. காவல் பரணில் இரவெல்லாம் கண்விழித்துச் சலித்துப்போனவர்கள் விதைப்பதையே விட்டுவிடுகிறார்கள். அந்த மானாவாரிக் கொல்லைகளைக் காடாக்கிவிடலாம் என்ற யோசனை நல்லதுதான். எந்த வழியில் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

முதல் வழி, அரசே நிலத்தை எடுத்துக்கொள்வது. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின்படி எடுத்தால் இழப்பீடு உண்டு, சமூகத் தாக்க மதிப்பீடும் உண்டு. நிலத்தைச் சரணாலயத்தில் சேர்க்க 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியில் போனால், ஆட்சியர் வட்டார மொழியில் அறிவிப்பு ஒட்டுவார். உரிமை கோர 2 மாதம். பணம் ஒரே தவணையில் கைக்கு வரும் என்பதால் நகரத்துக்குப் போய்விட்ட வாரிசுகளுக்கு இது பிடிக்கும். ஊரில் இருப்பவரிடம் கேட்கும்போது வரைபடம் ஏற்கெனவே வரையப்பட்டிருக்கும். அதைக் கலந்தாலோசனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், அதாவது உயிர்வளம் மிக்க இடமென்று அரசு அறிவிப்பது, இரண்டாவது. மதுரை மாவட்டம் அரிட்டாப்பட்டி 2022-இல் அப்படி அறிவிக்கப்பட்டது. டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிராக ஊர் திரண்டபோது அந்தத் தகுதி கைகொடுத்தது. ஆனால் குன்றும் சுனையும் பழைய ஏரியும் இருக்கும் இடத்துக்குத்தான் அது பொருந்தும். கதிர் அறுத்த ராகிக் கொல்லையைப் பாரம்பரியத் தலம் என்று யார் கையெழுத்துப் போடுவார்கள்? இதை இங்கே விட்டுவிடலாம்.

மூன்றாவதான சமூகக் காப்பகம் இன்னும் கொஞ்சம் பேசத்தக்கது. அதே வனவுயிரினச் சட்டத்தில் 2002-இல் சேர்ந்த பிரிவு அது. உரிமையாளரோ ஊரோ தாமாக முன்வந்தால்தான் அறிவிக்க முடியும்; பட்டா கைமாறாது; நிர்வாகக் குழுவில் ஊராட்சிக்கு இடம் உண்டு. அறிவித்தபின் நிலப் பயன்பாட்டை மாற்றக் குழுத் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும் என்பதுதான் இடறல். மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்க நினைப்பவருக்கு அந்தக் கட்டு பெரிது. வாங்க வருபவன் விலையைக் குறைப்பான்.

நான்காவது, குத்தகை. ஐந்தாண்டு, பத்தாண்டு என்று ஒப்பந்தம் போட்டு, விதைக்காமல் விடுவதற்கு ஆண்டுதோறும் பணம் தருவது. உண்ணிச்செடி என்ற களைப்புதரை வேரோடு எடுக்க, கன்று நட, காவல் பார்க்க அதே குடும்பத்துக்குக் கூலி. சும்மா விட்ட கொல்லை தானாகக் காடாகிவிடாது. உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும்தான் மண்டும். அதனால் இந்தக் கூலி தர்மம் இல்லை, வேலைக்கான காசு.

குத்தகைத் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். எத்தனை மூட்டை ராகி என்று மட்டும் கேட்பார்கள். ஊடுபயிராகப் போட்ட மொச்சையும் அவரையும் கணக்கில் வராது. ராகித்தாளும் வராது. கோடையில் மாடு தின்பது அந்தத் தாளைத்தான். அது இல்லையென்றால் பால்காசு நின்றுவிடும், அல்லது மாடு காட்டுக்குள் மேயப் போகும். காடு வளர்க்கப் போட்ட திட்டம் காட்டிலேயே மேய்ச்சலைக் கூட்டும்.

இன்னொன்று: நடுவில் ஒருவர் மட்டும் கொல்லையை விட்டால், அந்தப் புதர் யானைக்குப் பகலில் ஒதுங்கும் இடமாகிவிடும், பக்கத்துக் கொல்லைக்காரர் பாடு திண்டாட்டம். வரிசையாக ஒட்டிய நிலங்கள் சேர்ந்து வந்தால்தான் உண்டு. தனித்தனி வீட்டு வாசலில் பேசி முடிக்கிற காரியம் இல்லை இது. கிராம சபையில் எல்லார் முன்னும் வைக்க வேண்டும்.

என் தேர்வு, முதலில் குத்தகை. அது ஓடிப் பழகி ஊரே கேட்டால் பிறகு சமூகக் காப்பகம். குத்தகைக்குப் பணம் தருபவர் நடுவில் கைவிட்டால் எல்லாம் நின்றுபோகும் என்ற குறை உண்மைதான். ஆனால் அப்போது நிலம் உழவரிடமே இருக்கும், மீண்டும் ஏர் பூட்டலாம்.

யாருக்குப் பணம் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். பட்டா தாத்தா பெயரில் கிடக்கும், உழுவது வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, எடுத்த இன்னொருவராக இருக்கும், களை எடுப்பதும் தாள் கட்டுவதும் பெண்கள். பட்டாப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டம் போட்டால் இவர்களில் பாதிப் பேரின் பெயரே அதில் இருக்காது.